கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை: குளுக்கோஸ் குடிக்கும் முன்னும் பின்னும்

கர்ப்பத்தின் ஆறாம் மாதம் நெருங்கும்போது மருத்துவர் சீட்டில் 'ஜிசிடி' (வழக்கமாக 50 கிராம் குளுக்கோஸ் வடிகட்டும் சோதனை) என்றோ, 'ஓஜிடிடி' (வழக்கமாக வெறும் வயிற்றில் 75 அல்லது 100 கிராம் கொடுத்துச் செய்யும் சோதனை) என்றோ, வெறுமனே 'சுகர், 75 கிராம்' என்றோ எழுதித் தருவார். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். மூன்றிலும் தித்திப்பான குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும். ஆனால் வெறும் வயிற்றில் போவதா, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, ஊசி ஒரு முறையா நான்கு முறையா என்பதெல்லாம் சோதனைக்குச் சோதனை மாறும். முடிவில் வரும் எண்ணின் பொருளும் மாறும். ஒரு முறையில் 145 என்றால் கவலையே இல்லை. இன்னொன்றில் அதே 145 நோயை உறுதி செய்துவிடும். அதனால் முதல் வேலை, சீட்டில் இருப்பது எந்தச் சோதனை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

ஏன் 24 முதல் 28 வாரத்துக்குள்?

நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. இது நோய் அல்ல. குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையில்லாமல் போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு. இதை ஈடுகட்டக் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு முடியாதவர்களுக்குத்தான் சர்க்கரை ஏறுகிறது. இந்தத் தடை இரண்டாம் மும்மாதத்தின் நடுவிலிருந்து வலுக்கிறது. அதற்கு முன்பே சோதித்து 'சரியாக இருக்கிறது' என்று வந்தால் அது அந்த நாளைக்கான விடை மட்டுமே. ரொம்பவும் தள்ளிப்போட்டால் சரிசெய்வதற்கு வாரங்கள் மிஞ்சாது. அதற்காக 28 வாரம் தாண்டிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. தவறவிட்டவர்கள் 30-ஆம் வாரத்திலோ 32-ஆம் வாரத்திலோ செய்துகொள்வதும் பயனுள்ளதே.

தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும்; தாயின் இன்சுலின் போகாது. கூடுதலாக வந்த சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கத் தொடங்கும். அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிரசவத்தில் தோள் சிக்கும் ஆபத்து கூடும். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் கொஞ்ச நேரம் அதே வேகத்தில் சுரந்துகொண்டிருக்கும். பிறந்த குழந்தைக்குச் சில மணி நேரத்திலேயே சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் கூடுகிறது.

'எனக்கு அறிகுறி எதுவும் இல்லையே' என்பது இங்கே செல்லுபடியாகாது. பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி எல்லாம் கர்ப்பத்தில் யாருக்கும் வருபவை. சிறுநீரில் சர்க்கரை பார்ப்பதும் போதாது. கர்ப்பத்தில் சிறுநீரகம் சர்க்கரையை எளிதாக வெளியே விட்டுவிடும் என்பதால், ரத்தச் சர்க்கரை சரியாக இருப்பவருக்கும் சிறுநீரில் தென்படலாம்.

யாருக்கு முதல் சந்திப்பிலேயே?

முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தை பெற்றவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரை நோய் உள்ளவர்கள், உடல் எடை அதிகமுள்ளவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் ஆகியோர் 24-ஆம் வாரம் வரை காத்திருக்கக் கூடாது. இவர்களில் சிலருக்குக் கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை நோய் இருந்திருக்கும், தெரியாமல் இருந்திருக்கும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அது கர்ப்பம் கொண்டுவந்த சர்க்கரை அல்ல, முன்பே இருந்த நோய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். (இந்தக் கட்டுரையில் வரும் மில்லிகிராம் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு உரியவை. உங்கள் அறிக்கை மில்லிமோல் கணக்கில் இருந்தால் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

முதல் சோதனையில் சரி என்று வந்தாலும் 24-ஆம் வாரத்துக்குப் பிறகு மறுபடி செய்ய வேண்டும். பலர் நழுவவிடும் இடம் இது. முதலில் வந்த நல்ல முடிவு நஞ்சுக்கொடி முழு வேகத்தில் இயங்காத காலத்துக்கு உரியது.

எச்பிஏ1சி மட்டும் பார்த்தால் போதாதா, ஊசியும் காத்திருப்பும் மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அந்த எண் தாழ்வாகக் காட்டும். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் உயர்வாகக் காட்டும். முன்பே இருந்த நோயைப் பிடிக்க உதவுமே தவிர, கர்ப்பகாலச் சர்க்கரையை இல்லை என்று சொல்லப் பயன்படாது.

சீட்டில் இருப்பது எது?

*75 கிராம், வெறும் வயிறு, மூன்று ஊசி.* வெறும் வயிற்றில் ஒன்று, குடித்த 1 மணி நேரத்தில் ஒன்று, 2 மணி நேரத்தில் ஒன்று. எல்லைகள் முறையே 92, 180, 153. இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. 2010-இல் சர்வதேசக் குழு ஒன்று வகுத்து, 2013-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் இது. பிரிட்டனில் இதே 75 கிராமைக் கொடுத்து, வெறும் வயிறு, 2 மணி நேரம் ஆகிய இரண்டை மட்டும் பார்க்கிறார்கள்; எல்லைகள் 5.6, 7.8 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 101, 140.

*50 கிராம், பிறகு தேவைப்பட்டால் 100 கிராம்.* 50 கிராமுக்கு வெறும் வயிறு வேண்டாம், எந்த நேரத்திலும் குடிக்கலாம், 1 மணி நேரத்தில் ஒரே ஊசி. இது வடிகட்டும் சோதனை மட்டுமே. எல்லையை இடத்துக்கு இடம் 130, 135 அல்லது 140 என்று வைத்திருப்பார்கள். தாண்டினால் நோய் என்று பொருள் இல்லை, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்றுதான் பொருள். அடுத்த கட்டம் வெறும் வயிற்றில் 100 கிராம், 3 மணி நேரம், நான்கு ஊசி. எல்லைகள் 95, 180, 155, 140. வழக்கமாக இரண்டு எண்களாவது எல்லையைத் தொட்டால்தான் நோய் என்பார்கள்.

*75 கிராம், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஊசி.* இந்திய அரசின் வழிகாட்டுதலில் உள்ள முறை, டிப்சி என்பார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று பார்க்காமல் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே முறை எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. நெடுந்தொலைவு பயணம் செய்து வருபவரை மறுநாள் வெறும் வயிற்றில் வா என்று அனுப்பினால் வராமலே போகலாம் என்பதே இதன் பின்னுள்ள நியாயம். வெறும் வயிற்று எண் மட்டும் உயர்ந்திருப்பவர்கள் இதில் தப்பிவிடலாம் என்பது இதன் குறை.

முந்தைய மூன்று நாட்கள்

சோதனையில் 'பாஸ்' ஆக வேண்டும் என்று மூன்று நாள் முன்னதாகவே மாவுச்சத்தையும் இனிப்பையும் அடியோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இது எதிர்விளைவைத்தான் தரும். மாவுச்சத்து வராத நாட்களில் உடல் கொழுப்பை எரிக்கும் வழிக்கு மாறிக்கொள்ளும், இன்சுலினின் முதல் வீச்சு மந்தமாகும். அந்த நிலையில் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனால், இயல்பான உடலுக்கே எண் எகிறும். ஆகவே வெறும் வயிற்றுச் சோதனைக்கு முந்தைய மூன்று நாட்களும் எப்போதும்போலச் சாப்பிடுங்கள். நாளொன்றுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து இருக்கட்டும். எப்போதும் நடப்பதுபோல நடங்கள். புதிதாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

காய்ச்சலோ தொற்றோ இருந்தால் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். நோய்வாய்ப்பட்ட உடம்பு சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றிவிடும். குறைப்பிரசவ ஆபத்துக்காகக் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில நாட்களுக்குச் சர்க்கரை உயர்ந்தே இருக்கும். சுமார் ஒரு வாரம் கழித்துச் செய்வது நல்லது. ஆஸ்துமா, மூட்டு நோய்களுக்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும், நீர்க்கட்டிக்காக மெட்ஃபார்மின் (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எடை குறைய இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தச் சோதனையே பொருந்தாது. குளுக்கோஸ் ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கி, முதலில் சர்க்கரை ஏறி, பிறகு சடாரென்று விழும். படபடப்பும் மயக்கமும் வரும். இவர்கள் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பிறகும் வீட்டிலேயே பார்த்துக் குறித்துக் காட்டுவது வழக்கம்.

முந்தைய இரவும் அன்றைய காலையும்

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், 14 மணி நேரத்துக்கு மேல் போகாமல். இரவு 9 மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காலை 7 மணிக்கு ஆய்வகத்தில் இருந்தால் 10 மணி நேரம், இதுவே வசதியானது. பரிசோதனை 11 மணிக்குத்தான் என்று சொன்னால் முன்னதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். நீண்ட பட்டினி உங்களுக்கும் கஷ்டம், எண்ணுக்கும் நல்லதல்ல.

தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடலில் நீர் குறைந்தால் ரத்தக் குழாய் கிடைப்பது கஷ்டம். சர்க்கரை போடாத தேநீரும் காப்பியும் கூடாது. சூயிங்கம், புகை கூடாது. பல் துலக்கலாம். தைராய்டு மாத்திரை போலக் காலையில் போடும் மருந்து இருந்தால் எப்போது போடுவது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையோடு உணவு எடுத்துப் போங்கள், கடைசி ஊசி முடிந்த கையோடு சாப்பிட. கூட ஒருவர் வந்தால் நல்லது, தலைசுற்றலாம்.

குளுக்கோஸ் பொடியை நீங்களே வாங்கிப் போகச் சொன்னால் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸின் கணக்கு. நீர் சேர்ந்த மோனோஹைட்ரேட் வகை என்றால் 82.5 கிராம் எடுத்தால்தான் அதற்குச் சமம். சுவையும் வைட்டமினும் சேர்த்த சத்துப் பொடிகள் பெயரில் குளுக்கோஸ் என்று இருந்தாலும் இதற்கு ஆகாது. கரண்டிக் கணக்கும் ஆகாது, எடைதான்.

இனி நேரக் கணக்கு. 75 கிராம் சோதனையை எடுத்துக்கொள்வோம்.

1. 7.15: வெறும் வயிற்று ரத்தம்.
2. 7.20: குளுக்கோஸின் முதல் மடக்கு. இந்த நிமிடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரம் இங்கிருந்துதான் ஓடுகிறது.
3. 7.25-க்குள் முழுவதையும் குடித்து முடிக்க வேண்டும். 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்திருப்பார்கள்.
4. 8.20: 1 மணி நேர ரத்தம்.
5. 9.20: 2 மணி நேர ரத்தம். பிறகு சாப்பிடலாம்.

குடித்து முடித்த நேரத்திலிருந்து எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. நிதானமாக 15 நிமிடம் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு 2 மணி நேரம் எண்ணினால் உண்மையில் 2 மணி 15 நிமிடம் ஆகிவிடும். இறங்குமுகத்தில் இருக்கும் சர்க்கரை அதற்குள் இன்னும் இறங்கியிருக்கும், எண் நல்லதாகத் தெரியும். கூட்டம் அதிகமுள்ள ஆய்வகத்தில் உங்களைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். நேரம் நெருங்கும்போது நீங்களே எழுந்து போய் நினைவூட்டுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இடைப்பட்ட நேரம் உட்கார்ந்தே இருங்கள். கழிப்பறைக்குப் போய் வரலாம். கடைக்குப் போய் வருகிறேன், மாடிப்படி ஏறி ஸ்கேன் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொண்டுவிடும், எண் பொய்யாகக் குறையும்.

குமட்டல் வரும், பலருக்கும் வரும். குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் குடிப்பது எளிது. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாமா என்று ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் விடுவார்கள். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். டிப்சி முறையில் 30 நிமிடத்துக்குள் வாந்தி என்றால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு என்றால் தொடரலாம் என்பது கணக்கு. எப்போது வாந்தி எடுத்தாலும் நிறுத்திவிடும் ஆய்வகங்களும் உண்டு. பாதி குளுக்கோஸ் வெளியேறிய பிறகு வரும் நல்ல எண்ணை நம்புவதைவிட, இன்னொரு நாள் வருவது மேல்.

குழாய்க்குள் நடப்பது

ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கும். அறை வெப்பத்தில் விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். உண்மையில் 96 இருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் 90 என்று வரலாம். எல்லை 92 என்னும்போது அந்த ஆறு மில்லிகிராம்தான் எல்லாமே. இதற்காகத்தான் ஃபுளூரைடு கலந்த குழாய் (பெரும்பாலும் சாம்பல் நிற மூடி). ஆனால் அந்த ஃபுளூரைடும் முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஐஸில் வைப்பதோ, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிப்பதோ, சிட்ரேட் சேர்த்த குழாயைப் பயன்படுத்துவதோதான் உறுதியான வழி. ஆகவே முடிந்தவரை, ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதிக்கும் இடத்தைவிட அங்கேயே சோதிக்கும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் வீட்டுக் கண்காணிப்புக்கு ஏற்றது. நோயை முடிவு செய்ய நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவே அளவுகோல். குளுக்கோஸ் குடித்த பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட அதிகமாக இருக்கும். அதோடு குளுக்கோமீட்டரின் சொந்தப் பிழையும் சேரும். ஆய்வக வசதியே இல்லாத இடத்தில் பிளாஸ்மா அளவுக்குச் சரிசெய்த குளுக்கோமீட்டரைப் பயன்படுத்த டிப்சி முறை இடம் கொடுக்கிறது. அது வேறு வழியில்லாத நிலைக்கு.

அறிக்கையைப் படிப்பது

முதலில் சொன்ன 145-க்கு வருவோம். 75 கிராம் குடித்த 1 மணி நேரத்தில் 145 என்றால் எல்லை 180, கவலையில்லை. அதே 75 கிராமில் 2 மணி நேரத்தில் 145 என்றால் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சரி (எல்லை 153), பிரிட்டன் கணக்கிலும் டிப்சி கணக்கிலும் நீரிழிவு. 50 கிராம் குடித்த 1 மணி நேரத்தில் 145 என்றால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். 100 கிராமில் 3 மணி நேரத்தில் 145 என்றால் ஓர் எண் எல்லை தாண்டியது, இன்னொன்றும் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோழியின் அறிக்கையோடு உங்கள் அறிக்கையை ஒப்பிடுவது ஏன் வீண் என்பது இப்போது புரியும்.

இன்னொரு சிக்கல்: 75 கிராம் சோதனையில் 94, 150, 118. குளுக்கோஸ் குடித்த பிறகு வந்த எண்கள் இரண்டும் நன்றாகவே உள்ளன. ஆனாலும் 92-ஐத் தாண்டிய அந்த 94 போதும், கர்ப்பகால நீரிழிவு என்றுதான் எழுதுவார்கள். இரண்டு புள்ளிக்கா இத்தனை அமர்க்களம் என்று தோன்றினால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2008-இல் வெளியான ஹாப்போ ஆய்வு, 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் பிற சிக்கல்களும் படிப்படியாக ஏறின. 'இதற்குக் கீழே பத்திரம், இதற்கு மேலே ஆபத்து' என்று சொல்லும்படி எங்கேயும் ஒரு திருப்பம் தென்படவில்லை. சராசரியைவிடச் சிக்கலுக்கான வாய்ப்பு 1.75 மடங்காகும் இடத்தில் வல்லுநர்கள் கோடு போட்டார்கள். நாட்டுக்கு நாடு கோடு மாறுவதும் இதனால்தான். 94 என்றால் பதற்றம் வேண்டாம். 91 என்றால் கொண்டாட்டமும் வேண்டாம்.

கோட்டைத் தாண்டினால்

முதல் மருந்து மாத்திரையோ ஊசியோ அல்ல. மாவுச்சத்தை அடியோடு வெட்டாமல் நாள் முழுவதும் சிறு சிறு வேளைகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடம் நடப்பது, குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைப்பது. வழக்கமான இலக்குகள்: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிடத் தொடங்கி 1 மணி நேரத்தில் 140-க்குக் கீழ் அல்லது 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ். பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஒன்று இரண்டு வாரம் முயன்றும் எண் அடங்காவிட்டால் இன்சுலின், சில இடங்களில் மெட்ஃபார்மின். இன்சுலின் தொடங்குவதை உங்கள் தோல்வியாக எண்ண வேண்டாம். இரவெல்லாம் எதுவும் சாப்பிடாமலேயே காலையில் எண் உயர்ந்திருந்தால் உணவுக் கட்டுப்பாடு அதில் செய்ய முடிவது குறைவு.

இதெல்லாம் வீண் அலைச்சலா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2005-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். 1,000 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை, கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. குழந்தைகளுக்கு நேர்ந்த கடுமையான சிக்கல்கள் முதல் பாதியில் 1 சதவீதம், மறுபாதியில் 4 சதவீதம்.

எண் சரியாக வந்தவர்களுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிற்பாடு எடுக்கும் ஸ்கேனில் குழந்தை மிகப் பெரியதாகத் தெரிந்தாலோ, பனிக்குட நீர் கூடியிருந்தாலோ மீண்டும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு சோதனை

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அதனாலேயே அடுத்த சோதனை மறந்துபோகும். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் இன்னொரு முறை 75 கிராம், வெறும் வயிறு, 2 மணி நேரம். இப்போது கர்ப்பகால எல்லைகள் பொருந்தா: வெறும் வயிற்றில் 126 அல்லது 2 மணி நேரத்தில் 200 தொட்டால் சர்க்கரை நோய், வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை அல்லது 2 மணி நேரத்தில் 140 முதல் 199 வரை என்றால் அதன் முந்தைய படி. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும் என்பதால் இந்தச் சமயத்திலும் எச்பிஏ1சி நம்பகமானதல்ல. முடிவு நன்றாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் ஆய்வகத்தில் உட்காருவது எளிதல்ல. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் ஒரு அலைச்சல் குறையும். பழைய அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை கருவுற்றதும் முதல் சந்திப்பிலேயே அதை எடுத்துக் காட்ட வேண்டும்.